நிவாரண வண்டியை நிறுத்தி ராணுவம் பட்டியல் கேட்டால் எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது?

கேட்கப்பட்டது இது: மியான்மரில் பெகுவிலிருந்து, நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்ட சகாயிங் பக்கம் அரிசியும் தார்ப்பாயும் கொண்டுபோகிறது ஒரு கோயில் குழு. வழியில் ராணுவச் சோதனைச் சாவடிகளில் பட்டியல் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

வண்டிப் பட்டியலைக் கொடுங்கள். ஆள் பட்டியலைக் கொடுக்காதீர்கள். அதற்கு ஒரே வழி, அதைக் கையில் எடுத்துப் போகாமலிருப்பதுதான். துப்பாக்கிக்கு முன்னால் நின்று மறுத்துப் பேசும் நிலைக்கு உங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம். பொருள் வாங்கப்போகும் குடும்பங்களுக்கு 001 முதல் எண் போட்ட டோக்கனை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். எந்த எண் எந்த வீடு என்ற நோட்டு அந்த ஊரிலேயே, நம்பகமான ஒருவரிடம் இருக்கட்டும். வண்டியில் போகும் தாளில் 240 குடும்பம், 240 மூட்டை என்று மட்டும் இருந்தால் போதும்.

வீட்டுக்கு ஒரு டோக்கன் என்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. நம்மவர்களில் பலருக்குக் கோயிலில் ஒரு தமிழ்ப் பெயர், அடையாள அட்டையில் ஒரு பர்மியப் பெயர். பெயரை வைத்து எண்ணினால் ஒரே ஆள் இரண்டு முறை வருவார், பக்கத்து வீடு விட்டுப்போகும்.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்றால், ஆட்சியைக் கைப்பற்றிய 2021 பிப்ரவரிக்குப் பிறகு இங்கே ராணுவம் வெறும் மீட்புப் படையல்ல, போரில் ஒரு தரப்பு. பேரிடரில் ராணுவமும் தொண்டு அமைப்புகளும் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லும் ஆஸ்லோ வழிகாட்டுதல்கள் (1994, திருத்தம் 2007) அமைதிக் காலப் பேரிடருக்காக எழுதப்பட்டவை. அங்கே ஒத்துழைக்கலாம். போர் நடக்கும் இடத்தில் ஒருவர் மீது ஒருவர் மோதாமலிருக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் சொல்ல வேண்டும். கொடுத்த பட்டியலைத் திரும்ப வாங்க முடியாது. வங்காளதேசத்தில் அகதிகளாக இருக்கும் ரோஹிங்கியாக்கள் 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் மியான்மர் அரசிடம் போய்ச் சேர்ந்ததாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2021 ஜூனில் சொன்னது. சம்மதம் கேட்டுத்தான் பதிவு செய்தோம் என்றது, அந்தப் பதிவை நடத்திய ஐ.நா. அகதிகள் அமைப்பு. அந்த வாதம் எப்படி முடிந்தாலும் பெயர்கள் போனது போனதுதான்.

பெயரில்லாத எண்ணிக்கையும் சில சமயம் ஆளைக் காட்டிக்கொடுக்கும். சின்ன ஊரில் "காயம்பட்ட ஆண்கள் 2" என்று எழுதினால் அது யார் என்று ஊருக்கே தெரியும். எண் பத்துக்குக் கீழே இருந்தால் ஊர்வாரியாக எழுதாமல் டவுன்ஷிப் (பல ஊர்கள் சேர்ந்த வட்டம்) அளவில் கூட்டி எழுதுங்கள். காயம் எதனால் ஏற்பட்டது என்று எழுதவே வேண்டாம். கைப்பேசிப் படங்களில் எடுத்த இடம் பதிவாகியிருக்கும், கிளம்புவதற்கு முன் அழித்துவிடுங்கள்.

இனி வண்டித் தாள். பதிவு எண், நிறம், மொத்த ஆட்கள், சரக்கு, பாதை, நிற்கும் இடங்கள், நேரம், பேச ஒரே ஒரு தொலைபேசி எண். எடையைக் கிலோவில் எழுதுங்கள். பர்மிய வீசையில் எழுதினால் அது 1.63 கிலோ என்பது வெளியிலிருந்து வந்தவர்களுக்குப் புரியாது.

அதிகம் தவறுவது இடக்குறிப்பில்தான். சகாயிங் ஏறக்குறைய 21 பாகை 52 கலை வட அட்சரேகையில் இருக்கிறது (60 கலை ஒரு பாகை). அதை 21.52 என்று புள்ளி வைத்து எழுதினால், படிப்பவர் தசமமாக எடுத்துக்கொண்டு சுமார் 38 கிலோமீட்டர் தெற்கே தேடுவார். சரியான தசமம் 21.87. ராணுவத்தினர் பெரும்பாலும் கட்ட எண்ணில்தான், அதாவது வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து இடத்தைச் சொல்லும் எண்ணில்தான் பேசுவார்கள். அதில் மண்டலம் மாறும் கோடு 96 பாகை தீர்க்கரேகை, சகாயிங்குக்கும் மண்டலேக்கும் நடுவே போகிறது. சகாயிங் 46க்யூ, ஆற்றுக்கு அக்கரையில் மண்டலே 47க்யூ. வானொலியில் அவசரத்தில் மண்டல எண்ணை விட்டுவிட்டு இலக்கங்களை மட்டும் சொன்னால் இடம் அடியோடு மாறிவிடும். தசமம், கட்ட எண் இரண்டிலும் எழுதி, கூடவே ஊரின் பி-கோடையும் போடுங்கள். மிமு என்ற மியான்மர் தகவல் மேலாண்மைப் பிரிவு ஊர்களுக்குத் தந்திருக்கும் தனி எண் அது. ஒரே பெயரில் பல ஊர் இருக்கும் நாட்டில் அது இல்லாமல் தீராது.

நேரத்துக்கும் இதே கதி. 2025 மார்ச் 28 நிலநடுக்கம் நமக்கு 12:50, ஸூலு நேரத்தில் (ராணுவத்தினர் சொல்லும் உலகப் பொது நேரம், யூடிசி) 06:20. வித்தியாசம் ஆறரை மணி நேரம், அதில் அந்த அரை மணியை மறந்துவிடுகிறார்கள். பர்மிய ஊர்ப் பெயர்களில் எழுத்துகள் இடம் மாறிக் குழம்பித் தெரிந்தால் கோப்பு பெரும்பாலும் பழைய ஸோஜி எழுத்துருவில் இருக்கும். 2019 அக்டோபரில் நாடு யூனிகோடுக்கு மாறிய பிறகும் பழைய எக்ஸெல் கோப்புகள் சுற்றிக்கொண்டேயிருக்கின்றன.

மேலிடத்தில் சொன்னால் போதும் என்று நினைக்காதீர்கள். 2025 ஏப்ரல் 1 இரவு, வடக்கு ஷானில் நவுங்கியோ அருகே சீன செஞ்சிலுவைச் சங்கத்தின் நிவாரண வண்டி வரிசையை நிறுத்த ராணுவம் சுட்டது. ராணுவத்துக்கு முன்பே தெரிவிக்கப்பட்டிருந்தது என்றது, அங்கே ராணுவத்தை எதிர்த்துப் போரிடும் தஆங் ஆயுதக் குழுவான டிஎன்எல்ஏ. எங்களுக்குச் சொல்லவில்லை, வண்டியும் நிற்கவில்லை என்றது ராணுவம். 2015 அக்டோபர் 3 அன்று ஆப்கானிஸ்தானின் குண்டூஸில் எல்லைகளற்ற மருத்துவர்கள் நடத்திய மருத்துவமனையை அமெரிக்க விமானம் தாக்கி 42 பேர் இறந்தார்கள். மருத்துவமனை இருக்கும் இடம் முன்பே கொடுக்கப்பட்டிருந்தும், விமானக் குழுவின் கைக்கு அது போய்ச் சேரவில்லை.

அதனால் தாளை வாங்கியவரை இடக்குறிப்பையும் நேரத்தையும் திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள். வழியில் எந்தெந்தச் சாவடிக்குச் சொன்னார் என்று கேட்டு, நேரத்தோடு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பாதை இரண்டு தரப்பின் பகுதி வழியே போனால் இருவருக்கும் ஒரே தாள், ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள்.

பதிலுக்கு அவர்களிடமிருந்தும் கேட்டு வாங்குங்கள். எந்தப் பாலம் எத்தனை டன் தாங்கும், எங்கே கண்ணிவெடி, எந்தச் சாலை எப்போது மூடும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். சகாயிங் அருகே ஐராவதி ஆற்றின் மேல் 1934இல் கட்டிய ஆவா பாலம் அந்த நிலநடுக்கத்தில் விழுந்தபின், லாரி ஓட்டுகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான தகவல் இல்லை.

பாதை மாறினாலோ பயணம் ரத்தானாலோ மறுபடி தெரிவியுங்கள். வராத வண்டியும் சொல்லாமல் வந்த வண்டியும் சாவடியில் ஒரே மாதிரிதான் சந்தேகத்தைக் கிளப்பும். எல்லோரும் ஊர் திரும்பியதும் அதையும் சொல்லிவிட்டு, அந்தத் தாளை முடித்துவிடுங்கள்.