மீனை வைத்துக் கண்மாய்த் தண்ணீரைக் கணிப்பது: கேள்வி பதில்

கே: மதுரை வண்டியூர் கண்மாயில ஜிலேபி மீன் நல்லாத்தான் கிடைக்குது சார். அப்ப தண்ணி சுத்தம்தானே?

ஜிலேபியை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆக்சிஜன் லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவுக்கு இறங்கினாலும் அது மேல்மட்டத் தண்ணீரை உறிஞ்சித் தாக்குப்பிடிக்கும். விராலும் தேளியும் காற்றையே விழுங்கிச் சுவாசிப்பவை. இந்த மூன்றும் மிஞ்சி, கெண்டைப்பொடி காணாமல் போனால் தண்ணீர் கெட்டிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அயிரைக்கு மணல் தரை வேண்டும். சாக்கடைச் சேறு படிந்தால் முதலில் இடம் இழப்பது அதுதான்.

கே: மீன் செத்து மிதந்தா, விஷமா சாக்கடையா எப்படிக் கண்டுபிடிக்க?

செத்த நேரத்தையும், மீன் பெரிதா பொடியா என்பதையும் பாருங்கள். சாக்கடையால் வரும் ஆக்சிஜன் தட்டுப்பாடு விடிகாலையில்தான் உச்சத்தில் இருக்கும், ஏனென்றால் இரவு முழுக்கப் பாசியும் அதைச் செலவழிக்கிறது. பெரிய மீன்கள் முதலில் சாகும், வாய் பிளந்து செவுள் விரிந்திருக்கும். விஷம் என்றால் நேரம் காலம் கிடையாது, பொடி மீன்கள் முந்தும். பூச்சிமருந்து என்றால் சாகுமுன் துடித்துச் சுழலும், பக்கத் துடுப்புகள் முன்பக்கம் விறைத்து நிற்பதும் உண்டு.

செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். காப்பி நிறத்தில் இருந்தால் நைட்ரைட், அதாவது கழிவு சிதையும்போது உண்டாகும் நச்சு உப்பு. இதை இப்போதுதான் செத்த மீனில் பார்க்க வேண்டும். நேரமானால் எல்லாச் செவுளும் வெளுத்துவிடும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

கே: நாங்களே சோதனை செய்ய வழி உண்டா?

உண்டு. இரண்டு வலைக்கூண்டு, ஒவ்வொன்றிலும் ஒரே அளவுள்ள 10 கெண்டைக் குஞ்சு, 5 செ.மீ. நீளம். ஒன்று வாய்க்காலில் சாக்கடை கலக்கும் இடத்துக்கு மேலே, மற்றது கீழே. சேற்றில் படாமல் தொங்கவிட்டு, இரை போடாமல் 96 மணி நேரம் விடுங்கள். தினமும் செத்ததை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். கொசுவலை வேண்டாம், பாசி அடைத்து உள்ளேயே மூச்சுமுட்டும். மேல் கூண்டில் ஒன்றுக்கு மேல் செத்தால் அந்தச் சோதனை செல்லாது. பெரும்பாலும் கொண்டுவந்த வழியிலேயே அடிபட்ட குஞ்சுகளாக இருக்கும்.

ஆலைக் கழிவுநீருக்கு இந்தியாவில் உள்ள பொது விதியும் இதே கணக்குதான்: வேறு தண்ணீர் கலக்காத கழிவுநீரில் 96 மணி நேரத்தில் 90 சதவீத மீன் பிழைக்க வேண்டும்.

கே: புகார் கொடுக்க என்ன எடுத்துவைக்கணும்?

முதலில் தண்ணீர். விஷம் ஓடிப்போய்விடும், மீன் அங்கேயே கிடக்கும். கண்ணாடி பாட்டிலில் காற்றுக்குமிழ் இல்லாமல் முழுக்க நிரப்பி ஐஸில் வையுங்கள். சாகும் தறுவாயில் உள்ள மீன்களை அலுமினியத் தாளில் சுற்றித் தனி ஐஸ் பெட்டியில் வையுங்கள். அழுகியது எதற்கும் உதவாது.

கே: குடலை எடுத்துட்டா அந்த மீனைச் சாப்பிடலாமா?

வேண்டாம். ஈரல், சிறுநீரகம், செவுளில் உலோகம் அதிகம் சேரும் என்பது சரி. ஆனால் பாதரசம் சதையில் தங்கும், எவ்வளவு கொதித்தாலும் குழம்பில் போகாது.