கடைசிவரை உட்கார்ந்திருந்த அக்கா

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். காலநிலை மாற்றம் பற்றி நண்பர்கள் சேர்ந்து அமைச்சகத்துக்கு மின்னஞ்சல்கள் அனுப்பினோம். பதிலே இல்லை. இன்னும் ஐம்பது வருடம் இந்த வெயிலில் வாழப்போவது நாங்கள், முடிவெடுப்பது வேறு யாரோ. அரசுக் குழுக்களில் இளைஞர்களுக்கு இடம் வேண்டும், ஓட்டு வயதை 16 ஆக்க வேண்டும் என்கிறோம். வீட்டில் 'முதலில் படிப்பை முடி' என்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
க.

அன்புள்ள க.,

ஓட்டு வயதை விடுங்கள். 18ல் கிடைத்த ஓட்டை வைத்து நாங்கள் என்ன கிழித்தோம்? குழுவில் இடம் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ஒரு நாற்காலி, ஒரு சால்வை, ஒரு போட்டோ. வீட்டில் சொல்வது எல்லா வீட்டிலும் சொல்வதுதான்.

மின்னஞ்சலைக் கேலி செய்ய மாட்டேன். 2020ல் பெரிய திட்டங்களுக்கு அனுமதி தரும் விதிகளை மாற்றவந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை எதிர்த்து உங்கள் வயதுப் பிள்ளைகள் அமைச்சருக்கு அனுப்பியதும் மின்னஞ்சல்தான். அதற்கே 'ஃபிரைடேஸ் ஃபார் ஃபியூச்சர்' என்ற இளைஞர் காலநிலை இயக்கத்தின் இந்திய இணையதளம் முடங்கியது. டெல்லி போலீஸ் நோட்டீஸில் பயங்கரவாதத்துக்கு எதிரான உபா சட்டத்தை இழுத்துவிட்டு, அப்புறம் தவறுதலாகப் போய்விட்டது என்று திரும்பப் பெற்றது.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆலையோ மின்நிலையமோ வருமுன் ஊர் மக்களிடம் கருத்துக் கேட்பார்களே, உங்கள் மாவட்டத்தில் கடைசியாக நடந்த அந்தக் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு உங்களில் யாராவது போனீர்களா? அறிவிப்பு பேப்பரில் வந்ததாவது தெரியுமா?

ரிதிமா பாண்டே என்ற சிறுமி 2017ல், ஒன்பது வயதில், காலநிலை மாற்றத்துக்கு அரசு போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2019ல் மனுவைத் தள்ளியபோது தீர்ப்பாயம் சொன்னது இது: சுற்றுச்சூழல் அனுமதி தரும்போது பாரிஸ் காலநிலை ஒப்பந்தம் கணக்கில் எடுக்கப்படுவதில்லை என்று நினைக்கக் காரணமில்லை. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அப்படியானால் கணக்கைக் கேட்க வேண்டிய இடம் ஷாமியானா போட்ட அந்தக் கூட்டம்தானே? சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றிய 2006 அறிவிக்கைப்படி, வந்திருக்கும் யாரும் அங்கே விளக்கம் கேட்கலாம். வயதுச் சான்றிதழ் தேவையில்லை. திட்டத்தின் பாதிப்புகளைச் சொல்லும் முழு அறிக்கை ஆங்கிலத்தில் தலையணை மாதிரி இருக்கும், சுருக்கம் மட்டும்தான் தமிழில். அதையாவது படித்தீர்களா என்கிறேன்.

இவ்வளவு கடுமையாகக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. பல வருடம் முன்பு, கடலோரத்தில் ஒரு அனல்மின் நிலையத்துக்கான கூட்டம். மைக்கைப் பிடித்துப் பனிமலை, கடல்மட்டம் என்று வெளுத்து வாங்கினேன். நல்ல கைதட்டல். அந்த மிதப்பில் நண்பர்களோடு டீ குடிக்கப் போய்விட்டேன்.

மேடையோரம் ஒருவர் நீளத்தாளில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். கூட்ட முடிவில் அதை உள்ளூர் மொழியில் வாசித்துக்காட்ட வேண்டும் என்பது விதி. எனக்குத் தெரியாது. மீன் விற்கும் ஒரு அக்காவுக்குத் தெரிந்திருந்தது. காலி அன்னக்கூடையை மடியில் வைத்தபடி கடைசிவரை உட்கார்ந்திருக்கிறார்.

"நான் சொன்னதைப் படிங்க சார்."

படித்தார்கள்: 'வேலைவாய்ப்பு கோரினார்.'

"நான் எங்க சார் வேலை கேட்டேன்? சுடுதண்ணிய கடல்ல விட்டா இறா குஞ்சு கரைக்கு வராதுன்னுல்ல சொன்னேன்."

அடித்து எழுதவைத்து, எழுதியதை இன்னொரு தடவை படிக்கவைத்து, அப்புறம்தான் எழுந்தாராம். நான் திரும்பி வந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

பின்னால் அந்தக் குறிப்பின் நகலை வாங்கிப் பார்த்தேன். அக்காவின் இறால் அங்கே முழுசாக இருந்தது. என் இருபது நிமிடப் பேச்சுக்கு ஒரு வரி: 'ஒருவர் சுற்றுச்சூழல் குறித்துப் பேசினார்.' அந்த 'ஒருவர்' இன்னும் உறுத்துகிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உங்கள் கடிதம் கிளறிவிட்டது.

பரீட்சை நாளில் கூட்டம் வந்தால் பரீட்சைக்கே போங்கள். இரண்டு பேரை மட்டும் அனுப்பிவையுங்கள். டீயை பிளாஸ்கில் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள்.