சைக்கிள் பையில் என்ன வைக்கலாம்? கேள்வி பதில்

கே: அண்ணா, ஞாயிறு காலையில் நாகர்கோவிலில் இருந்து முட்டம் போகிறேன். என்னென்ன எடுக்க வேண்டும்?

ப: டயர் அளவுக்குப் பொருந்தும் மாற்று டியூப், டயரை நெம்பிக் கழற்றும் டயர் லிவர் இரண்டு, பஞ்சர் ஒட்டும் சாமான், அறுகோணத் துளை போல்ட்டுக்கான அலன் கீ 4, 5, 6 மி.மீ., உங்கள் வால்வில் சேரும் கைப்பம்ப். சக்கரம் நட்டில் நிற்பதென்றால் அதற்கான ஸ்பானர், பெரும்பாலும் 15 மி.மீ. பம்ப் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் சுமைதான்.

கே: ஆரல்வாய்மொழி பக்கம் டியூப் மாற்றினேன். கொஞ்ச தூரத்திலேயே மறுபடி காற்று போய்விட்டது. டியூப் மட்டமா?

ப: டியூபைத் திட்டாதீர்கள், முள் டயரிலேயே இருக்கும். உடைமுள்ளின் நுனி உள்ளே ஒடிந்து நின்றுவிட்டால் வெளியிலிருந்து தெரியாது. டயரைக் கழற்றும்போது வால்வு எந்த இடத்தில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். டியூபில் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடித்ததும் அதை டயரோடு சேர்த்து வைத்தால் முள் இருக்கும் இடம் தெரிந்துவிடும். விரலை விட்டுத் தடவ வேண்டாம், குத்தும். பழைய துணியை உட்புறம் ஓட விடுங்கள், சிக்கும் இடத்தில் ஆள் இருக்கிறார்.

இரண்டு ஓட்டைகள் அருகருகே இருந்தால் முள் இல்லை. காற்று குறைவாக இருந்து, குழியில் டியூப் ரிம்மோடு நசுங்கியிருக்கிறது. ஓட்டை ரிம் பக்கம் இருந்தால் ரிம் டேப்பைப் பாருங்கள், அதாவது கம்பி முனை டியூபைக் குத்தாமல் ரிம்முக்குள் சுற்றியிருக்கும் பட்டையை.

கே: குலசேகரம் பக்கம் ரப்பர் பால் தாராளம். அதையே தடவி ஒட்டினால் என்ன?

ப: காய்ந்தால் பிடித்த மாதிரி இருக்கும். வெயிலில் டயர் சூடானதும் இளகி உரியும். இன்றைய டியூப் பெரும்பாலும் பியூட்டைல் என்ற செயற்கை ரப்பர், மரத்துப் பால் அதில் நிற்காது.

கே: என் தாத்தா அப்படித்தான் ஒட்டினார். வீடு வரை வந்தாரே!

ப: வந்திருப்பார். அந்தக் காலத்து டியூப் இயற்கை ரப்பராக இருந்திருக்கும். வீடு வருவது வேறு, பேச்சிப்பாறை வரை போய் வருவது வேறு. டியூபை உப்புத்தாளால் தேய்த்து, பஞ்சர் பசையான சொல்யூஷனை மெல்லியதாகப் பூசி, ஈரப் பளபளப்பு போகும்வரை காத்திருந்து, அப்புறம் ஒட்டுத்துண்டை வைத்து அழுத்துங்கள். அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டுவதுதான் முக்கால்வாசிப் பேர் செய்கிற தப்பு.

கே: பால் காய்வதற்கும் சொல்யூஷன் காய்வதற்கும் ஒரே நேரம்தானே அண்ணா?

ப: தம்பி, பால் விவகாரம் முடிந்தது. தாத்தாவுக்கு என் வணக்கம்.

கே: செயின் அறுந்தால்?

ப: கெட்டுப்போன கண்ணியைக் கழற்றச் செயின் கட்டர், அறுந்த செயினை இணைக்க உங்கள் கியர் எண்ணிக்கைக்கு ஏற்ற குவிக் லிங்க். கடலோரம் போய் வந்தால் செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். உப்புக்காற்று சும்மா விடாது.

கே: முக்குக்கு முக்கு சைக்கிள் கடை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

ப: ஞாயிறு காலையில் எத்தனை திறந்திருக்கும்? திறந்திருந்தாலும் கடைக்காரர் 700 சைஸ் சக்கரத்துக்கான டியூப் வைத்திருப்பாரா? பைக்குக்கு அடிக்கிற கம்ப்ரசரில் மெல்லிய டியூபை நீட்டினால் வெடித்தாலும் வெடிக்கும்.

கே: மின்சார சைக்கிள் பேட்டரி...

ப: விற்ற கடையில் கேளுங்கள்.

கே: மாற்று டியூப் மட்டும் போதுமா?

ப: பம்ப். முள். மேலே படியுங்கள்.

கே: இதையெல்லாம் வைக்கிற பை?

ப: ஹேண்டில் முன்னால் தொங்கவிடாதீர்கள், சீட்டுக்கு அடியில் இறுக்கிக் கட்டுங்கள். லிவரைத் துணியில் சுற்றி வையுங்கள், இல்லாவிட்டால் குலுங்கிக் குலுங்கி மாற்று டியூபையே ஓட்டை போட்டுவிடும்.