சரியும் தொழில்நுட்ப நிறுவனத்தில் தலைமை அதிகாரியின் முடிவுகளுக்கு இயக்குநர் குழுவும் பொறுப்பா?

தலைமைச் செயல் அதிகாரியை நீக்கினால் போதாதா, இயக்குநர்களை ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது, அவரை அமர்த்துவதும், பெரிய கொள்முதல்களுக்கு ஒப்புதல் தருவதும் அந்தக் குழுவே.

2010-இல் லியோ அப்போதேக்கரைத் தலைமைக்கு அமர்த்திய அமெரிக்கக் கணினி நிறுவனமான ஹெச்பியின் குழு, 2011 ஆகஸ்டில் ஆட்டோனமி என்ற பிரிட்டிஷ் மென்பொருள் நிறுவனத்தைச் சுமார் 1,100 கோடி டாலருக்கு வாங்க இசைந்து, அடுத்த மாதமே அவரை நீக்கியது. ஆயினும் கொள்முதல் நிறைவேறி, 2012-இல் 880 கோடி டாலர் மதிப்பிழப்பை, அதாவது வாங்கியதன் மதிப்பு அவ்வளவு குறைந்துவிட்டதென, கணக்கில் காட்ட நேர்ந்தது. ஆட்டோனமியின் கணக்குகளில் முறைகேடு இருந்ததென்ற ஹெச்பியின் வாதத்தை லண்டன் நீதிமன்றம் 2022-இல் பெரும்பாலும் ஏற்றது. இருந்தாலும், வாங்குமுன் துருவிப் பார்க்கும் கடமை குழுவினுடையது என்பதே என் கருத்து.

நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 166-ஆம் பிரிவு, ஒவ்வோர் இயக்குநரும் உரிய கவனத்துடனும் சுயமாகச் சிந்தித்தும் செயல்பட வேண்டும் என்கிறது. நேர்மையாக ஆராய்ந்து எடுத்த முடிவு பொய்த்துப்போவது வேறு, ஆராயாமலே இசைவது வேறு. கோவை, திருப்பூர்ப் பக்கம் பங்காளிகளும் சம்பந்திகளும் இயக்குநர்களாக அமரும் குடும்ப நிறுவனங்களில், "அண்ணன் பார்த்துக்குவாருங்க" என்று தீர்மானத்தில் கையெழுத்திடுவோர் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். உறவின்மீதுள்ள மரியாதை சட்டக் கடமையைக் குறைக்காது. அத்தகைய இயக்குநரை, அவர் தரப்பைக் கேட்டபின், பங்குதாரர்கள் பொதுக்கூட்டத்தில் சாதாரணத் தீர்மானத்தாலேயே (பாதிக்கு மேற்பட்ட வாக்குகளால்) நீக்க 169-ஆம் பிரிவு இடமளிக்கிறது.