எட்டு போடாமல் லைசென்ஸா?

கேள்வி: எனக்கு 24 வயது. பெருங்குடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. ஸ்கூட்டர், கார் இரண்டுக்கும் சேர்த்து எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுத்து மூன்று வாரம் ஆகிறது. கட்டணத்துக்கு மேல் 2,500 ரூபாய் கொடுத்தால் எட்டு போட வேண்டாம், பேருக்கு வந்து நின்றால் போதும் என்று டிரைவிங் ஸ்கூலில் சொல்கிறார்கள். கொடுக்காவிட்டால் கண்டிப்பாக ஃபெயில்தானாம். "எல்லாரும் செய்வதுதானே, கொடுத்துத் தொலை" என்கிறார் அப்பா. எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்வது?
– வாசகி ஒருவர், பெரம்பூர்

பதில்: கொடுக்காதீர்கள். மனசு ஒப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மனசு சொல்வதையே கேளுங்கள்.

முதலில் பணக் கணக்கு. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, எல்.எல்.ஆருக்கு ஒரு வகை வண்டிக்கு 150 ரூபாய், அதற்கான தேர்வுக்கு 50, ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு ஒரு வகைக்கு 300, லைசென்ஸுக்கு 200. சேவைக் கட்டணம் கொஞ்சம் சேரும். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் கட்டினால் எல்லாவற்றுக்கும் ரசீது வரும். அந்த 2,500-க்கு ஒரு ரசீது கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறிவிடும். அதிகாரி பேரைச் சொல்லி வாங்கி, கேட்டவரே வைத்துக்கொள்வதும் உண்டு. நீங்கள் நன்றாக ஓட்டி நீங்களாகவே பாஸானாலும் "நாங்கள் சொல்லி வைத்ததால்தான்" என்பார்கள். உங்கள் பயத்துக்குத்தான் அந்த விலை.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு, லஞ்சம் கொடுப்பதும் தண்டனைக்குரிய குற்றம். கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால், ஏழு நாளுக்குள் புகார் கொடுத்தவருக்கு மட்டும் விலக்கு உண்டு. யாராவது வற்புறுத்தினால் ஆலந்தூரில் இருக்கும் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போகலாம். சொந்த உபயோக வண்டிக்கு டிரைவிங் ஸ்கூல் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. நீங்களே தேதி வாங்கி, நீங்களே போய் நிற்கலாம்.

அப்புறம் அந்த ஃபெயில் பயம். ஃபெயிலானால் என்ன ஆகிவிடும்? ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறை தவறினால்தான் அறுபது நாள் காத்திருக்க வேண்டும். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். எடுத்து முப்பது நாள் ஆன பிறகுதான் தேர்வுக்கே அனுமதி. அந்த முப்பது நாளே உங்களுக்கு இன்னும் முடியவில்லை. முழுதாக ஐந்து மாதம் கையில் இருக்கும்போது யார் அவசரத்துக்காகப் பணம் கட்டப் போகிறீர்கள்?

எட்டு போடுவது ஏதோ சர்க்கஸ் என்றும், ரோட்டில் யார் எட்டு போடுகிறார்கள் என்றும் பலர் பேசுவார்கள். நான் முதல் முறை கால் ஊன்றிவிட்டேன். இன்ஸ்பெக்டர் ஒன்றும் திட்டவில்லை, "அடுத்த வாரம் வாங்க" என்றார். அந்த ஒரு வாரம் விடியற்காலையில் எங்கள் தெரு முனை மைதானத்தில் இரண்டு செங்கல்லை வைத்துச் சுற்றினேன். மூன்றாவது நாள்தான் பிடிபட்டது. நான் முன் சக்கரத்தைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தி, அடுத்து எங்கே திரும்பப் போகிறோமோ அந்த இடத்தைப் பார்த்தால் வண்டி தானாக அங்கே போகிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டு விட்டு முறுக்காமல் ஒரே அளவில் பிடித்து, பின் பிரேக்கை லேசாகத் தொட்டபடி போனால் ஸ்கூட்டர் ஆடுவதில்லை. கால் கீழே போக மறந்துவிடும்.

இப்போது சாயங்காலம் ஆறு மணிக்கு மூலக்கடை சந்திப்பை நினைத்துப் பாருங்கள். முன்னால் ஷேர் ஆட்டோ, இடது பக்கம் மாநகரப் பேருந்து, நடுவில் கையைக் காட்டிக்கொண்டே குறுக்கே போகும் ஒரு பாட்டி. அங்கே வேகமாக ஓட்டும் திறமை யாருக்கும் வேண்டாம். நடக்கிற வேகத்தில், சாயாமல், காலை நீட்டிப் பக்கத்து வண்டியில் இடிக்காமல் போகத் தெரிய வேண்டும். எட்டு சொல்லிக் கொடுப்பது அதைத்தான். அதைப் போடாமல் லைசென்ஸ் வாங்குகிறவர் இந்தப் பாடத்தைப் பாட்டி எதிரில் வந்து நிற்கும்போதுதான் படிக்கப் போகிறார்.

காருக்கு வருகிறேன். டிரைவிங் ஸ்கூல் காரில் பயிற்சியாளர் காலடியிலும் கிளட்ச், பிரேக் இருக்கும். பல நாள் நீங்கள் ஸ்டியரிங்கை மட்டும்தான் பிடித்திருப்பீர்கள். வண்டியை ஓட்டியது அவர் கால். மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்பத் தெரிய வேண்டும் என்பது ஓட்டுநர் தேர்வுக்கான மத்திய விதியிலேயே இருக்கிறது. உங்கள் ஊர் பெரம்பூர் மேம்பாலத்தில் ஏறும்போது பாதியில் வண்டிகள் நின்றுவிட்டன என்று வையுங்கள். பின்னால் ஒரு சாண் தள்ளி ஒரு பைக், அதில் குழந்தையை முன்னால் உட்கார வைத்த ஒருவர். பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்ஸிலரேட்டருக்குக் கொண்டுபோகும் அந்த ஒரு நொடியில் கார் பின்னால் நகரும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கிளட்சை மெல்ல விட்டு, எஞ்சின் சத்தம் கனத்து வண்டியின் மூக்கு லேசாகத் தூக்குவதை உணர்ந்த பிறகு ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டும். இதைப் பத்து முறை செய்து பார்த்தீர்களா? இல்லை என்றால் நாளைக்கே பயிற்சியாளரிடம் கேளுங்கள். சொந்த உபயோக வண்டிக்குப் பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது, அதில் பத்து மணி நேரமாவது நீங்களே ஓட்டியிருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. ஒரு காரில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஆளுக்குக் கால் மணி நேரம் கொடுத்தால் 21 நாளில் எத்தனை மணி நேரம் ஆகும் என்று கூட்டிப் பாருங்கள். ஐந்தேகால்தான் வரும். 2,500 ரூபாய் கேட்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது பாக்கி இருக்கும் அந்த மணி நேரங்களை.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண் ஒன்பது வருடமாகக் கார் லைசென்ஸ் வைத்திருக்கிறார். பணம் கொடுத்து வாங்கியது என்று அவரே சொன்னார். வீட்டில் கார் நிற்கிறது. கேட் வழியாக ரிவர்ஸ் எடுத்துத் தெருவுக்குக் கொண்டுவரத் தெரியாததால் தினமும் ஆட்டோவில் வருகிறார். கேட்டபோது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. ஒரு மாதம் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருந்தால் அவர் கையில் ஒரு சுதந்திரம் இருந்திருக்கும்.

உங்கள் அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். மகள் வெயிலில் கால் கடுக்க நின்று ஃபெயிலாகித் திரும்பக் கூடாது என்ற பாசத்தில் பேசுகிறார். அவரிடம் வேறு ஒன்று கேளுங்கள். அவருக்கு லைசென்ஸ் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு உங்களோடு வரட்டும். ஸ்கூட்டரில் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' ஒட்டுங்கள். மைதானத்தில் செங்கல் வைத்து அவர் ஓரமாக நிற்கட்டும், நீங்கள் சுற்றுங்கள். இரண்டு ஞாயிறு போதும், 'எல்லாரும் செய்வதுதானே' என்று அவரே சொல்லமாட்டார்.

அந்த 'எல்லாரும்' யார் என்றும் அவரிடம் சொல்லுங்கள். நீங்கள் பெருங்குடி போய் வரும் வழியெல்லாம் உங்கள் எதிரே வண்டியில் வருகிறவர்கள் அவர்கள்தான். அவர்களில் எத்தனை பேர் எட்டு போடாமல் வந்தவர்கள் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தேர்வு அன்று எல்.எல்.ஆர்., வண்டியின் ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டின் பட்டையைப் பூட்டியபடி வரிசையில் நில்லுங்கள். பணம் கொடுத்தாயா என்று பக்கத்தில் நிற்பவர் கேட்டால், இல்லை என்று சத்தமாகவே சொல்லுங்கள். உங்களைப் போலவே தயங்கி நிற்கும் இன்னொருவர் காதிலும் அது விழட்டும்.

லைசென்ஸ் வந்ததும் எங்களுக்கு எழுதுங்கள். எத்தனையாவது முறையில் எட்டு சரியாக வந்தது என்பதையும் எழுதுங்கள், அப்படியே அச்சிடுகிறோம்.