பலகார டின்னும் தராசில் ஏறும்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளோடு பாப்புவா நியூ கினியில் கிறிஸ்தவ மிஷன் விமானப் பணியில் இருக்கிறார்கள். மலைக் கிராமத்துக்குப் போகும் சின்ன விமானத்தில், சாமானோடு ஆளையும் எடை போட்டுத்தான் ஏற்றுகிறார்களாம். நான் அனுப்பும் சீப்பு சீடை டின்னுக்குக்கூடக் கணக்காம். ஏன் இவ்வளவு கறார்?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: அம்மா, அந்தக் கறார்தான் உங்கள் பேரப்பிள்ளைகளைப் பத்திரமாக இறக்குகிறது. 5,000 அடி உயரத்தில் ஓர் ஓடுதளம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விமானக் கணக்கின்படி அங்கே 5 டிகிரி வெப்பம்தான் இருக்க வேண்டும். 27 டிகிரி அடித்தால் 22 டிகிரி கூடுதல். டிகிரிக்குச் சுமார் 120 அடி வீதம் 2,640 அடி சேரும். ஆக, தரையில் நிற்கும்போதே விமானம் 7,600 அடிக்கு மேல் இருப்பது போலத்தான் நடந்துகொள்ளும். உயரத்திலும் வெப்பத்திலும் காற்று மெலிவதால் எஞ்சினின் சக்தி, ப்ரொப்பல்லரின் இழுவை, இறக்கையின் தூக்கும் விசை மூன்றும் ஒரே நேரத்தில் குறையும். எழும்ப அதிக தூரம் ஓட வேண்டும். அங்கே அந்தத் தூரம் இருக்காது.

நம் செட்டிநாட்டுப் பழைய ஓடுதளம் போல அவை சமதளமும் இல்லை. பல புல்தரைகள் மலைச்சரிவில் இருப்பவை. கீழ்க்கோடியில் இறங்கி மேட்டில் ஏறி நிற்பார்கள். கிளம்பும்போது சரிவில் இறங்கியபடியே வேகம் எடுப்பார்கள். எதிரே மலை இருந்தால், ஒரு கட்டத்துக்குப் பிறகு இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே ஏற வழி கிடையாது. மழை பெய்தால் ஈரப்புல்லில் பிரேக் பிடிக்காது, சேறு சக்கரத்தை இழுக்கும். மதியத்துக்குள் பள்ளத்தாக்கை மேகம் மூடிவிடும் என்பதால் காலையிலேயே பறந்து முடிக்கப் பார்ப்பார்கள்.

எடை எவ்வளவு என்பது போலவே எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பின்பக்கம் கனத்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும், இறக்கை தூக்கும் விசையை இழக்கும். அதனால் கனமானதை முன்னால் வைத்து வலை போட்டு இறுக்குவார்கள். ஒரு பெரிய டின்னுக்குப் பதில் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, வெளியே கிலோவை எழுதிவிடுங்கள். எந்த உணவை நாட்டுக்குள் விடுவார்கள் என்று முதலில் மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: இந்த மிஷன் விமானங்களுக்குக் காட்டுக்குள் பெட்ரோல் எப்படிப் போகிறது?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: 200 லிட்டர் டிரம்மில் போகும். செஸ்னா 206 என்ற சின்ன விமானத்துக்கு விமான பெட்ரோல்; அதைவிடப் பெரிய செஸ்னா கேரவனுக்கு மண்ணெண்ணெய் வகையான ஜெட் எரிபொருள். மாற்றி ஊற்றினால் பெட்ரோல் எஞ்சின் வெடித்தெரிந்து செத்துப்போகும். 100 லிட்டர் விமான பெட்ரோல் 72 கிலோ, அதாவது ஓர் ஆள். அவசியத்துக்கு மேல் ஊற்றினால் ஒரு நோயாளிக்கு இடம் போச்சு.

பெரிய எதிரி தண்ணீர். நிமிர்த்தி வைத்த டிரம்மின் தலையில் மழை தேங்கும். இரவில் குளிர்ந்து டிரம் சுருங்கும்போது மூடிவழியே அந்தத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். அதனால் படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் பக்கவாட்டில், எரிபொருள் மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். எடுக்கும் முன் நிமிர்த்தி, லேசாகச் சாய்த்து, தெளிய விட வேண்டும். பம்புக் குழாய் அடியைத் தொடக்கூடாது. வடிகட்டி இல்லாமல் ஊற்றவே கூடாது. பிறகு விமான டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்ப்பார்கள். தண்ணீர் கனம் என்பதால் அடியில் முத்து முத்தாக நிற்கும். அது வருவது நிற்கும் வரை வடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கேள்வி: பெண்கள் மிஷன் விமானப் பணியில் பைலட் ஆகலாமா?
– ஒரு மாணவி, பள்ளத்தூர்

பதில்: தாராளமாக. இப்படி விமானப் பணி செய்யும் கிறிஸ்தவ அமைப்பான மிஷன் ஏவியேஷன் ஃபெல்லோஷிப் 1945-இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதன் முதல் விமானத்தை 1946-இல் மெக்சிகோவுக்கு ஓட்டிப் போனவரே பெட்டி கிரீன் என்ற பெண்தான். நம் நாட்டில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அது வாசல்படிதான். மலை ஓடுதளம் ஒவ்வொன்றுக்கும் அனுபவமுள்ள விமானியோடு பறந்து தனித்தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும். ஒன்றை வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்: பெரும்பாலும் மாதச் செலவைச் சொந்தச் சபையும் நண்பர்களும்தான் தாங்க வேண்டியிருக்கும்.