டெல்டா வரப்பில் கிடைக்கும் மூலிகைகளை வீட்டிலேயே பயன்படுத்தலாமா?

சித்தம், ஆயுர்வேதம், யுனானி, சீன மருத்துவம் என ஒவ்வொன்றும் ஒரே மூலிகைக்கு வெவ்வேறு பெயரும் பயனும் சொல்கின்றனவே, எதை நம்புவது? வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் கிடைப்பதைப் பறித்து வீட்டிலேயே சாப்பிடலாமா? இதுதான் உங்கள் கேள்வி.

கும்பகோணத்தில் எங்கள் குடும்பத்துக்கு நாட்டு மருந்துக் கடை இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு இருபது வருடமாக நான் கல்லாவில் உட்காருகிறேன். வைத்தியம் பார்ப்பதில்லை, சரக்கை அடையாளம் பார்த்து நிறுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எந்த முறையை நம்புவது என்று யோசிக்கும் முன், கையில் இருப்பது எந்தச் செடி என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கரிசலாங்கண்ணியைப் பாருங்கள். சம்பா நட்ட வயலில் களை எடுக்கும்போது கூடை கூடையாக வரும். சட்டைப் பொத்தான் அளவில் வெள்ளைப் பூ. இலையைக் கிள்ளி உள்ளங்கையில் தேய்த்தால் முதலில் பச்சையாகத்தான் சாறு வரும். சற்று நேரத்தில் அது கருத்து ரேகைகளில் ஏறிக்கொள்ளும். சோப்புப் போட்டாலும் உடனே போகாது. என் அப்பாயி அந்தச் சாற்றில் வெள்ளைத் துணியை நனைத்து நிழலில் உலர்த்தித் திரியாக்குவார். விளக்கெண்ணெய் விளக்கில் அதை எரித்து, மேலே கவிழ்த்த மண்சட்டியில் படியும் கரியை வழித்து எங்களுக்குக் கண்மை செய்வார். இதே செடியைச் சீனர்கள் ‘மோ ஹான் லியன்’ என்கிறார்கள். ‘மோ’ என்றால் மை. அங்கே ஒருவர் இலையைக் கசக்கிப் பார்த்ததும் இதே கறுப்பைத்தான் கண்டிருக்கிறார் என்று முதன்முதலில் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆயுர்வேதத்தில் இது பிருங்கராஜம், யுனானியில் பாங்கரா. நரைக்கு நான்கு முறைகளும் இதைச் சொல்கின்றன. அதற்கு மேல் சித்தத்தில் கல்லீரலுக்கும் சோகைக்கும் கொடுக்கிறார்கள். சீனத்தில் இரத்தக் கசிவை நிறுத்தக் கொடுக்கிறார்கள். வாதம், பித்தம், கபம் என்று பார்ப்பவர்களும், யுனானியைப் போல இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்காகப் பிரிப்பவர்களும், யின்-யாங் கணக்குப் போடுபவர்களும் ஒரே செடியை வேறு வேறு வாசல் வழியாகப் பார்த்திருக்கிறார்கள். பயன் வேறுபடுவதைக் கண்டு எனக்குக் குழப்பம் வருவதில்லை. குழப்பமெல்லாம் பெயரில்தான்.

கடைக்கு வந்து ‘பிராமி’ கேட்பார்கள். கேரளத்து வைத்தியர் எழுதிய சீட்டென்றால் அது நீர்ப்பிரமி. வடக்கே பல இடங்களில் அதே பெயரால் வல்லாரையைச் சொல்கிறார்கள். இரண்டும் நம் வாய்க்கால் ஈரத்தில் வளர்பவை. ஆனால் வேறு வேறு செடிகள். சீட்டு எழுதியவர் யார் என்று கேட்காமல் நான் பொட்டலம் மடிப்பதில்லை.

இது வெறும் கடைக்காரரின் பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் எடை குறைக்கச் சீன மூலிகை கொடுத்தார்கள். ‘ஹான் ஃபாங் ஜி’ வர வேண்டிய இடத்தில், பெயர் ஒற்றுமையால் ‘குவாங் ஃபாங் ஜி’ வந்து சேர்ந்தது. நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் பழுதானது. பிறகு சிலருக்குப் புற்றுநோயும் வந்தது. காரணம், குவாங் ஃபாங் ஜியில் இருக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற நஞ்சு. நம் நாட்டு மருந்தில் புழங்கும் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே இனத்துச் செடிகள். அவற்றிலும் அந்த அமிலம் உண்டு. யார் எந்த ஏட்டைக் காட்டிச் சொன்னாலும் இவ்விரண்டையும் உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள்.

இனி கீழாநெல்லி. டெல்டாவில் காமாலை என்றாலே வாயில் வரும் முதல் பெயர் இதுதான். இலைக்கொத்தைத் திருப்பிப் பாருங்கள். நடு ஈர்க்கின் அடிப்பக்கம் கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சைக் காய்கள், ஒவ்வொன்றும் சிறு காம்பில் வரிசையாகத் தொங்கும். காய் வழவழப்பாக இருக்கும். பக்கத்திலேயே சிவப்புக் கீழாநெல்லியும் முளைத்திருக்கும். அதன் தண்டில் சிவப்பு ஓடும். காய் காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டு சொரசொரப்பாக இருக்கும். மூட்டையில் இரண்டும் கலந்தே வருகின்றன. காய்ந்து நொறுங்கிவிட்டால் பிரிப்பது பெரும்பாடு.

1988-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் சென்னை ஆய்வு ஒன்று வந்தது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உடம்பில் தங்கிவிட்டவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் இரத்தத்தில் இல்லாமல் போனது. மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. ஆனால் பிற நாடுகளில் பிறகு நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடியின் இனமும் விளைந்த மண்ணும் மாறியிருக்கலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அசுத்த நீரால் வரும் சாதாரணக் காமாலையோ பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். பேரை மட்டும் கீழாநெல்லி வாங்கிக்கொள்ளும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் சித்தப்பாவுக்குக் கண் மஞ்சளானபோது நான்தான் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தேன். உப்பு, புளி இல்லாத பத்தியம். பதினோரு நாள். உடம்பெல்லாம் அரித்தது. “சோப்பை மாற்றினேன் தம்பி, அதனால்தான் அரிக்கிறதோ?” என்று கேட்டார். மலம் சுண்ணாம்புபோல வெளுத்துவிட்டதாகவும் சொன்னார். நான் பத்தியம் போதவில்லை என்று நினைத்தேன். பன்னிரண்டாம் நாள் குளிர்சுரம் தூக்கிப்போட்டது. ஸ்கேனில் பித்தக் குழாயில் கல் அடைத்திருப்பது தெரிந்தது. எடுத்த பிறகு பிழைத்துக்கொண்டார். எந்தக் கீழாநெல்லியும் அந்தக் கல்லை நகர்த்தியிருக்காது. அன்றிலிருந்து காமாலைக்கென்று யார் வந்தாலும், இரத்தப் பரிசோதனை செய்தாகிவிட்டதா, அரிப்பு இருக்கிறதா, மலம் வெளுத்திருக்கிறதா என்று கேட்காமல் நான் தராசைத் தொடுவதில்லை.

நம் ஊருக்கு இந்தச் சரிபார்க்கும் பழக்கம் புதிதல்ல. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தில் பல மருத்துவ முறைகளின் வைத்தியர்களையும் ஒன்றாக உட்காரவைத்தார். பலன் கண்ட முறைகளைத் தமிழ்ச் செய்யுளாக எழுதிவைத்தார்கள். சரஸ்வதி மகால் நூலகம் ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்று அவற்றை அச்சிட்டிருக்கிறது. கிடைத்தால் வாங்கிப் படியுங்கள்.

வரப்பில் பறிப்பதைப் பற்றி. வயல்காரரிடம் களைக்கொல்லி அடித்தாரா என்று கேட்காமல் பறிக்காதீர்கள். அடித்த மறுநாளும் செடி பச்சையாகவே நிற்கலாம். சாக்கடை கலக்கும் வாய்க்காலில் வளர்ந்த வல்லாரை எவ்வளவு செழித்திருந்தாலும் வேண்டாம். சாறும் அரைத்த விழுதும் மூன்று மணி நேரத்துக்குத்தான் என்பது சித்த மருத்துவக் கணக்கு. குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் குடிக்காதீர்கள். சர்க்கரைக்கோ இரத்தக் கொதிப்புக்கோ மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் எதையும் தொட வேண்டாம். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தப் பிரிவு இருக்கிறது. செடியை வேரோடு பிடுங்கிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

எதில் தொடங்கலாம் என்றால், வல்லாரைத் துவையலில் தொடங்குங்கள். தோட்டத்துக் குழாயடியில் ஒரு கொடியை நட்டால் போதும், படர்ந்துவிடும். ஒரு கைப்பிடி இலையை அலசி நல்லெண்ணெயில் வதக்குங்கள். உளுத்தம்பருப்பும் மிளகாய் வற்றலும் தனியே வறுத்து, தேங்காய், கொஞ்சம் புளி, உப்பு சேர்த்து அம்மியில் கரகரப்பாக அரையுங்கள். இலை கொஞ்சம் கசக்கும். வாரத்துக்கு ஒரு நாள், சுடுசோற்றில் ஒரு உருண்டை.